கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நம் பத்திரிகை வந்து சேர்ந்ததும் தொழிலாளத் தோழர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள்? சம்பளப் பேச்சு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். பிறகு தங்கள் தோட்டத்தின் பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். கிராணிமார்களோ தலையங்கத்தைப் படித்து, அதில் எத்தனை எழுத்துப் பிழை என்று எண்ணி வைக்கிறார்கள். அதுவும் நல்லதே, பிழை பார்க்கிறவர் படிக்கிறவர்தானே!

ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அச்சிட்டவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லும் வரி அது. அதை யாரும் படிப்பதில்லை. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறோம். எழுதத் தூண்டியது நமக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதம். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம். முதலில் அந்தச் சின்ன வரியின் கதையைக் கேளுங்கள்.

சர்க்கார் கேட்ட பெயர்

வெள்ளைக்காரர்கள் இந்தியாவை ஆண்ட காலத்தில், 1867-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் பத்திரிகையிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்கவேண்டும். பத்திரிகை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட்டு முன்னால் போய், ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

இதன் சூட்சுமம் என்ன? எழுதுகிறவர் புனைபெயரில் எழுதலாம். ஊர்விட்டு ஊர் போகலாம். ‘நான் எழுதவில்லை’ என்றும் சொல்லலாம். அச்சு இயந்திரமோ மடியில் கட்டிக்கொண்டு ஓடக்கூடிய பண்டமல்ல. ஆகவே எழுதினவரைத் தேடி அலைவதைவிட அச்சடித்தவரைப் பிடிப்பது சர்க்காருக்கு எளிது. மூன்றே ஆண்டு கழித்து, 1870-ல், ராஜத்துரோகம் என்னும் 124-ஏ பிரிவும் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு சட்டம் கழுத்தைக் காட்டிக் கொடுத்தது. மற்றொன்று கயிற்றைக் கொண்டுவந்தது.

இது பழங்கதை என்று யாரும் எண்ணவேண்டாம். நம் மலேசியாவிலும் 1984-ம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்ற விதி 2012-ல் நீங்கியது. அச்சிட்டவர் பெயரும் முகவரியும் பத்திரிகையில் இருக்கவேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

சிவப்புத் தாளும் சீனிவாசனும்

1906-ம் ஆண்டில் சென்னையில் ‘இந்தியா’ என்னும் தமிழ் வாரப் பத்திரிகை தோன்றியது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் பணம் போட்டார். சுப்பிரமணிய பாரதியார் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று மந்திரச் சொற்களான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றை அது முகப்பிலே போட்டுக்கொண்டது. சிவப்புத் தாளில் அச்சாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் விஷயத்தைப் புரிந்துகொள்ளும்படி கேலிச் சித்திரங்களைப் போட்டது. தாளின் நிறத்தைப் பார்த்தே அது யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம்.

1908-ம் ஆண்டு பிறந்தது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தை உயர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடு என்று கேட்டார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மார்ச் மாதத் தொடக்கத்திலேயே தொழிலாளர்கள் வெற்றி பெற்றார்கள். கூலிக்காரன் வெற்றி பெற்றால் சர்க்கார் சும்மா இருக்குமா? மார்ச் 12-ல் சிதம்பரம் பிள்ளையையும் சிவாவையும் சிறையில் அடைத்தது. ஜூலையில் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. அப்பீலில் இவை பிறகு குறைக்கப்பட்டன. அதே ஜூலையில் திலகருக்கு 6 ஆண்டு விதித்து மாண்டலேக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதத்திலேயே, கலகத்தைத் தூண்டும் பத்திரிகைகளின் அச்சகத்தைப் பறிமுதல் செய்ய ஒரு புதுச் சட்டமும் வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் ‘இந்தியா’ பத்திரிகை வாரந்தோறும் சிவப்புத் தாளில் வந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் போலீஸ் வந்தது. யாருக்கு வாரண்டு? எழுதிய பாரதியாருக்கு அல்ல. பணம் போட்ட திருமலாச்சாரியாருக்கும் அல்ல. அச்சிட்டு வெளியிடுபவர் என்று சர்க்கார் ஏட்டில் யார் பெயர் பதிவாகியிருந்ததோ அவருக்கு. அவர் எம். சீனிவாசன். ராஜத்துரோக வழக்கு நடந்தது. ஆண்டு முடிவதற்குள் தீர்ப்பும் வந்தது. ஐந்து ஆண்டு!

பாரதியார் நண்பர்களின் சொல்லைக் கேட்டுப் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அச்சு இயந்திரமும் அவர் பின்னால் போயிற்று. அக்டோபர் மாதத்திலேயே ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக்கூடாது என்று தடுத்த பிறகு, 1910-ல் நின்றது. அந்த ஆண்டே புதிய பத்திரிகைச் சட்டமும் வந்தது. அதன்படி அச்சகம் வைக்கிறவர் 500 ரூபாய்க்குக் குறையாமல் ஜாமீன் தொகை கட்டவேண்டும். எழுதுகிறவருடைய பேனாவை ஒடிக்க முடியாதபோது அச்சடிக்கிறவருடைய பெட்டியில் கை வைத்தார்கள்.

நியாயம் எது?

எழுதியவர் எல்லை தாண்டினார். பெயர் கொடுத்தவர் சிறை போனார். இது நியாயமா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பெரியவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாம் வாயைப் பொத்திக்கொள்ளக் கூடாது.

ஒரு பக்கத்து நியாயம் இது: பாரதியாரும் பிடிபட்டிருந்தால் பத்திரிகை அன்றே மாண்டிருக்கும், அவர் தப்பியதால் அது மேலும் ஒன்றரை ஆண்டு பேசியது. அவரும் சொகுசாக வாழவில்லை. பத்து ஆண்டு அந்நிய ஊரில் வறுமையிலும் ஒற்றர் கண்காணிப்பிலும் கழித்தார். 1918-ல் எல்லையைத் தாண்டியபோது கடலூரில் பிடிபட்டுச் சிறையும் கண்டார்.

மற்றப் பக்கத்து நியாயம் இது: ஐந்து ஆண்டு என்பது ஐந்து ஆண்டுதான். அந்தத் தண்டனையில் ஒரு நாளையும் பிறர் யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பாரதியார் பெயரில் தெரு உண்டு, மன்றம் உண்டு, விழா உண்டு. நம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் அவர் படம் மாட்டியிருக்கிறார்கள், மாட்டவேண்டியதுதான். சீனிவாசன் என்று ஒருவர் இருந்தார் என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

இரண்டு பக்கமும் உண்மை என்றே நாம் கருதுகிறோம். பாரதியார் போனதைக் குறை சொல்லவில்லை. சீனிவாசனை மறந்ததைத்தான் குறை சொல்லுகிறோம்.

கப்பலில் வந்த ஒரு பிள்ளை

இது நம்மவர் கதை மட்டுமல்ல. அமெரிக்காவும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் காலனியாகத்தான் இருந்தது. 1710-ல் ஜெர்மனி தேசத்து ஏழைக் குடும்பம் ஒன்று கப்பலேறி நியூயார்க்குக்குப் போயிற்று. தகப்பனார் வழியிலேயே இறந்துபோனார். ‘ரஜுலா’ கப்பலில் நம் பாட்டன்மார் வந்த கதையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜான் பீட்டர் செங்கர், ஒரு அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். 1733-ல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையை அச்சடிக்கத் தொடங்கினார். கவர்னரின் அக்கிரமங்களை அதில் எழுதியவர்கள் படித்த வக்கீல்கள். ஆனால் யாரும் பெயர் போடவில்லை. பெயர் போட்டிருந்தவர் செங்கர் ஒருவரே.

1734 நவம்பரில் அவரைப் பிடித்தார்கள். அவரால் கட்ட முடியாத அளவு ஜாமீன் கேட்டார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம் சிறையில் கிடந்தார். எழுதியவர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி அன்னா சிறைக் கதவின் துவாரத்தில் காதை வைத்து அவர் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு வந்து பத்திரிகையை நடத்தினார். தவறிய இதழ் ஒன்றே ஒன்று! 1735 ஆகஸ்டில் வழக்கு நடந்தது. உண்மையை அச்சிடுவது குற்றமாகாது என்று வக்கீல் ஹாமில்டன் வாதாடினார். அன்றைய சட்டம் அவர் பக்கம் இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஜூரிகளாக உட்கார்ந்து, குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து அதே நாட்டில் புரட்சி மூண்டது. ஐசயா தாமஸ் என்னும் அச்சக்காரர் பாஸ்டன் நகரில் புரட்சிப் பத்திரிகை நடத்தி வந்தார். பிரிட்டிஷ் பட்டாளம் நகரை அடைத்துக்கொண்டிருந்தபோது, 1775 ஏப்ரல் 16 இரவில், அச்சு இயந்திரத்தை ஆற்றின் அக்கரைக்குக் கடத்தி உஸ்டர் என்னும் ஊருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் முதல் சண்டை வெடித்தது. புதுச்சேரிக்குப் போன இயந்திரத்துக்கு அண்ணன் அது!

செங்கரைக் காப்பாற்றியது எது? சட்டமல்ல, வக்கீலின் நாவன்மை மட்டுமும் அல்ல. ‘இவன் நமக்காகத்தான் அச்சடித்தான்’ என்று ஊர் நினைத்தது. அந்த நினைப்புத்தான் காப்பாற்றியது. இதைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

தோட்டத்துக்கு வந்த அச்சு

தோட்டத் தொழிலாளிக்கு அச்சு எழுத்து எளிதில் வந்து சேரவில்லை. இலங்கையில் தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைப் பார்த்தார். 1920-களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகைகளை நடத்தினார். சொந்த அச்சகம் வைத்துத் துண்டுப் பிரசுரங்களை அடித்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாய்ப் போய்ப் பாடினார். பத்திரிகைப் பணியையும் சுமந்தார். அன்னாவைப் போலவே இந்த அம்மையார் பெயரும் சிலருக்குத்தான் தெரியும்.

நம் மலாயாவில் 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. சம்பள உயர்வு வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்தவேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் முன் நின்றவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர். மே மாதத்தில் அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் நாம் போகிறோம் என்றால், அதற்கு முன்னால் ஒருவர் எழுதினார், ஒருவர் எழுத்துக் கோத்தார், பலர் இரத்தம் சிந்தினார்கள்.

அந்த எழுத்துக் கோக்கிறவரையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அச்சகத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, இடவலம் மாற்றிக் கோத்து, கண் எரிய எரிய இரவெல்லாம் நின்றார்கள். நாம் விடியுமுன்னே பெரட்டுக்கு எழுந்து, இருட்டில் மரம் வெட்டப் போகும் நேரத்தில் அவர்கள் கை கழுவி வீட்டுக்குப் போனார்கள். நம் கையில் பால்மரத்துப் பிசின் என்றால் அவர்கள் கையில் மசி. அவர்களும் கூலிக்காரர்களே. இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஈயம் போய்விட்டது. அடியில் இருக்கும் பெயர் மட்டும் போகவில்லை. பொறுப்பும் போகவில்லை.

மொட்டைக் கடிதம்

இனி நாம் சொல்லவந்த விஷயம். இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. பால் நிறுக்கும்போது தராசில் குறைக்கிறார்கள், மாதக் கடைசியில் கணக்குச் சீட்டில் இன்னும் குறைகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. படிக்கும்போது உண்மை என்றே தோன்றியது. கடைசியில், ‘இதை அப்படியே தோட்டத்தின் பெயரோடு போடவும். போடாவிட்டால் நீங்களும் விலைபோனவர்களே’ என்று முடிந்திருந்தது. கையெழுத்து இல்லை. எந்த நாள், எத்தனை கிலோ என்ற கணக்கும் இல்லை. சீட்டின் நகலும் இல்லை.

நாம் அதைப் போடவில்லை. போடாததற்கு வருத்தமும் படுகிறோம்.

ஏன் போடவில்லை? போட்டிருந்தால், நிர்வாகம் அவதூறு வழக்குப் போடும்போது கோர்ட்டில் யார் நிற்பது? எழுதியவர் இல்லை, சாட்சி இல்லை, சீட்டு இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர் இருக்கும் அந்த ஒருவர்தான் நிற்கவேண்டும். உண்மையாகவே இருந்தாலும் உண்மை என்று காட்ட அவருக்கு ஒரு துரும்பும் கிடைக்காது. சீனிவாசனையும் செங்கரையும் போல அவரைத் தனியாய் நிறுத்த நமக்கு என்ன உரிமை?

ஆனால் மொட்டைக் கடிதம் எழுதினவரைக் கோழை என்று ஏசவும் நாம் தயாராயில்லை. தோட்டத்தில் வேலை போனால் அதோடு வீடும் போகும். வீடு போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘தைரியமாய்க் கையெழுத்துப் போடு’ என்று சொல்லுவது எளிது. கிராணிமார்களின் நிலையும் அதுதான். கணக்குச் சீட்டின் உண்மை அவர்களுக்குத்தான் தெரியும். பகலில் ஆபீசில் கணக்கு எழுதி, இரவில் தொழிலாளிக்கு மனு எழுதிக் கொடுக்கும் நல்ல கிராணிமார் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இருபக்கமும் இடிபடுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பயமும் பொய்ப் பயம் அல்ல.

அப்படியானால் வழி என்ன? பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுவதே வழி. ஒருவர் தலையில் ஏற்றினால் பயம் மலை. நூறு பேர் சுமந்தால் அது காண்டா வாளி.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, கடிதம் எழுதும் தோழர்கள் தங்கள் பெயரை நமக்குத் தெரிவிக்கவேண்டும். பத்திரிகையில் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். யார் கேட்டாலும் சொல்லமாட்டோம். ஒருவராய்க் கையெழுத்திடப் பயமாயிருந்தால் பத்துப் பேராய்க் கையெழுத்திடுங்கள். நாள், நிரை, எடை, சீட்டு எல்லாவற்றையும் குறித்து அனுப்புங்கள். சத்தமாய்ப் பேசும் பத்துப் பக்கத்தைவிட, சரியான கணக்கு எழுதிய ஒரு சீட்டு நிர்வாகத்தை அதிகம் நடுங்க வைக்கும்.

இரண்டாவது, தொழிற்சங்கத்துக்கு. 1954-ல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது, தனித்தனியாய் நின்று உதைபட்டது போதும் என்றுதான். கடிதம் எழுதியதற்காக ஒருவர் பழிவாங்கப்பட்டால், அவர் வழக்கும் அச்சிட்டவர் வழக்கும் சங்கத்தின் வழக்காகவேண்டும். அதற்கென்று ஒரு சிறு நிதியை ஒவ்வொரு கிளையும் ஒதுக்கவேண்டும். ஆபத்து வந்த பிறகு உண்டியல் குலுக்குவது நமக்கு அழகல்ல.

மூன்றாவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளுவது. ஊரார் குறையை எழுதும் நாம் நம் குறையையும் எழுதவேண்டும் அல்லவா? அச்சகத்துக்கு நாம் மாதக்கணக்காய்ப் பாக்கி வைத்ததுண்டு. ‘தொழிலாளர் பத்திரிகைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதுண்டு. தொழிலாளிக்குக் கூலியைத் தாமதிக்காதே என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதை அச்சடித்த தொழிலாளியின் கூலியைத் தாமதித்தோம். இதற்கு வெட்கப்படுகிறோம். இனி அச்சுக்கூலி கொடுத்த பிறகே மற்றச் செலவு என்று தீர்மானித்திருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருக்கும் தோழர்களும் இதைக் கொஞ்சம் யோசித்தால் நலம்.

ரந்தாவைச் சுற்றி ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த இடங்களைப் பார்க்கிறோம். வீடுகள் வந்த இடங்களையும் பார்க்கிறோம். தோட்டம் சுருங்கச் சுருங்க, நம் குரலும் சுருங்கிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடக்கவேண்டியதில்லை. சென்னையில் பிடித்தபோது புதுச்சேரியில் பேசிய தமிழ் அது. கதவின் துவாரத்திலும் பேசலாம் என்று காட்டினார்கள் ஒரு அச்சக்காரரும் அவர் மனைவியும். சிலர் பெயர் கொடுத்தார்கள். பலர் பின்னால் நின்றார்கள். இந்த இரண்டும் சேர்ந்தபோதெல்லாம் வெற்றி வந்தது. ஒன்று குறைந்தபோது ஒருவர் மட்டும் சிறையில் கிடந்தார்.

ஆகவே தோழர்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் மடித்துப் போடுமுன் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் உங்களுக்காக அங்கே நிற்கிறது. அதற்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்களா?